அரையாண்டு வரியும் ஆபத்துக்கு ஓடுபவர்களும்

சொத்து வரி விலக்கு என்றால் சென்னையின் மேற்குப் புறநகரான அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி வட்டாரத்தில் கோயிலும் மசூதியும் தேவாலயமும், சுடுகாடும் தர்மச் சத்திரமும்தான் நினைவுக்கு வரும். வீட்டுக்காரர் ஓய்வு நேரத்தில் தீயணைப்பு வண்டியில் ஏறிப் போகிறார், அல்லது ஊர் ஆம்புலன்ஸில் சம்பளமில்லாமல் வேலை பார்க்கிறார் என்பதற்காக அவருடைய வீட்டு வரியைக் குறைக்கும் வழக்கம் இங்கே இல்லை. அமெரிக்காவின் பல மாநிலங்களில் அது சட்டமாகவே இருக்கிறது. அங்கே இருப்பது இங்கே ஏன் இல்லை என்று கேட்டால், பதில் பெருந்தன்மை பற்றியதாக இருக்காது. வரியை யார் வாங்குகிறார், தீயணைப்பு நிலையத்தை யார் நடத்துகிறார் என்ற இரண்டு கேள்விகளில் அது அடங்கியிருக்கிறது.

நியூயார்க் மாநிலத்தை எடுத்துக்கொள்ளலாம். முன்பு அங்கே மாவட்டத்துக்கு மாவட்டம் தனித்தனிச் சட்டப்பிரிவுகள் இருந்தன. 2022 டிசம்பரில் கையெழுத்தான சட்டம், மாநிலம் முழுவதற்கும் ஒரே ஏற்பாட்டைக் கொண்டுவந்தது. தன்னார்வத் தீயணைப்புக் குழுவிலோ தன்னார்வ ஆம்புலன்ஸ் குழுவிலோ பதிவுபெற்ற உறுப்பினரின் வீட்டு மதிப்பில் 10 சதவீதம் வரையில் வரிக்கணக்கிலிருந்து கழித்துக்கொள்ளலாம். ஆனால் அது தானாகக் கிடைப்பதில்லை. ஊராட்சியோ நகராட்சியோ மாவட்டமோ பள்ளி நிர்வாகமோ பொது விசாரணை நடத்தித் தனித்தனியே தீர்மானம் போட வேண்டும். குறைந்தபட்ச சேவைக்காலத்தை 2 ஆண்டு முதல் 5 ஆண்டு வரைக்குள் அந்தந்த அமைப்பே வகுத்துக்கொள்ளும். வீடு உறுப்பினர் நிரந்தரமாகக் குடியிருப்பதாக இருக்க வேண்டும். அவர் சேவை செய்யும் எல்லைக்குள்ளேயே அது இருக்கவும் வேண்டும். வீட்டின் ஒரு பகுதியில் கடை வைத்திருந்தால் அந்தப் பகுதிக்குச் சலுகை கிடையாது.

20 ஆண்டுகள் தொண்டாற்றியவருக்கு வாழ்நாள் முழுதும் சலுகை தர உள்ளாட்சி விரும்பினால் தரலாம். பணியில் உயிரிழந்தவரின் கணவருக்கோ மனைவிக்கோ, மறுமணம் செய்யாத வரையில், அதைத் தொடரவும் வழி இருக்கிறது. கனெக்டிகட் மாநிலம் சதவீதக் கணக்கை விட்டுவிட்டு, ஆண்டுக்கு 2,000 டாலர் வரை வரியைத் தள்ளுபடி செய்ய நகரங்களுக்கு அனுமதி கொடுத்திருக்கிறது. அந்தப் பட்டியலில் தீயணைப்போர், அவசர மருத்துவ உதவியாளர், ஆம்புலன்ஸ் ஓட்டுநர் ஆகியோருடன், மோப்ப நாயோடு காணாமற்போனவர்களைத் தேடும் தன்னார்வலரும் சேர்ந்திருக்கிறார்.

இந்தச் சலுகைக்குப் பின்னால் ஒரு நீண்ட பழக்கம் உண்டு. 1736இல் பெஞ்சமின் ஃபிராங்க்ளின் பிலடெல்ஃபியாவில் தன்னார்வத் தீயணைப்புக் குழு ஒன்றைத் தொடங்கினார். அதிலிருந்து வளர்ந்த மரபில், இன்றும் அமெரிக்கத் தீயணைப்போரில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கினர் சம்பளமில்லாத தன்னார்வலர்களே. பெருநகரங்களில் முழுநேர ஊழியர்கள் இருக்கிறார்கள். சிற்றூர்களில் பகலில் மெக்கானிக்காகவோ ஆசிரியராகவோ வேலை பார்ப்பவர், அழைப்பு வந்ததும் கையிலிருப்பதைப் போட்டுவிட்டு ஓடுகிறார். அந்தச் சிற்றூர்களில் இளைஞர்கள் குறைந்து, வேலைக்காக வெகுதூரம் பயணம் செய்வோர் பெருகிய பிறகு, குழுக்களுக்கு ஆள் கிடைப்பது அரிதாகிவிட்டது. முழுநேர ஆட்களை நியமித்துச் சம்பளம் கொடுப்பதை விட, இருக்கும் தன்னார்வலருக்கு வரியில் கொஞ்சம் விட்டுக்கொடுப்பது ஊருக்கு லாபம். சலுகையின் உண்மையான கணக்கு இதுதான். நன்றியுணர்வு அதன் மேல் பூசிய வண்ணம்.

இன்னொரு நுணுக்கமும் இருக்கிறது. அமெரிக்க ஊர்களில் அந்த ஆண்டுக்கு மொத்தம் எவ்வளவு பணம் வேண்டும் என்று முதலில் முடிவெடுப்பார்கள். பிறகு அதை ஊரிலுள்ள எல்லா வீடுகளின் மொத்த மதிப்பின் மேல் பங்கிடுவார்கள். பத்துப் பேருக்கு விலக்கு கொடுத்தால், அவர்கள் விட்ட தொகை மற்ற வீடுகளின் மேல் சில டாலர்களாகப் பரவிவிடும். ஊர்க் கஜானாவில் ஓட்டை விழாது. கனடா வேறு வழியில் போகிறது. அங்கே 2011 முதல் தன்னார்வத் தீயணைப்போருக்கு வருமான வரியில் சலுகை உண்டு. ஆண்டுக்கு 200 மணி நேரம் சேவை செய்தவர், 2024 முதல் 6,000 டாலருக்கான வரிக்கழிவைக் கோரலாம். அந்தச் செலவை ஏற்பது ஒட்டாவாவில் உள்ள மத்திய அரசு.

இனி சென்னையின் மேற்குப் புறநகருக்கு வரலாம். அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி ஆகிய மூன்று ஊர்களும் ஒட்டிக் கிடந்தாலும் மூன்று வெவ்வேறு உள்ளாட்சிகளுக்கு வரி கட்டுகின்றன. அம்பத்தூர் நகராட்சி 2011இல் சென்னை மாநகராட்சியோடு இணைந்து அதன் 7ஆவது மண்டலமானது. ஆவடி 2019இல் மாநகராட்சியாயிற்று. பூந்தமல்லி நகராட்சியாக இருக்கிறது. சுற்றியுள்ள ஊராட்சிகளில் வீட்டு வரி தனிச் சட்டத்தின்படி வாங்கப்படுகிறது. நகர்ப்புறத்தில் நடைமுறை ஏறத்தாழ ஒன்றுதான். ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை ஓர் அரையாண்டு, அக்டோபர் முதல் மார்ச் வரை இன்னோர் அரையாண்டு. கட்டிடத்தின் பரப்பு, தெரு, பயன்பாடு, வயது ஆகியவற்றைக் கொண்டு ஆண்டு வாடகை மதிப்பைக் கணக்கிட்டு, அதில் ஒரு பங்கை வரியாக வாங்குகிறார்கள். அதனோடு கல்வி வரியும் நூலக வரியும் சேரும். நூலக வரி 1948ஆம் ஆண்டின் பொது நூலகச் சட்டத்திலிருந்து வருகிறது. சுதந்திர இந்தியாவில் முதன்முதலாக நூலகத்துக்கென்று வரி போட்ட சட்டம் அது.

2022 ஏப்ரலில் நடந்த சீராய்வு இந்த வட்டாரத்தில் எல்லோருக்கும் நினைவிருக்கும். பழைய சென்னை நகர எல்லைக்குள் 600 சதுர அடிக்கு உட்பட்ட வீடுகளுக்கு 50 சதவீதமும், 1,800 சதுர அடிக்கு மேற்பட்ட வீடுகளுக்கு 150 சதவீதமும் வரி ஏறியது. 2011இல் இணைந்த அம்பத்தூர் போன்ற பகுதிகளுக்கும் ஆவடி போன்ற மற்ற மாநகராட்சிகளுக்கும் ஏற்றம் அதைவிடக் குறைவு. 600 சதுர அடி வரை 25 சதவீதம், 1,200 வரை 50, 1,800 வரை 75, அதற்கு மேல் 100 என்று படிப்படியாக வைத்தார்கள். மேற்குப் புறநகருக்குக் கிடைத்த ஒரே பொதுச் சலுகை என்று இதைச் சொல்லலாம். 2023 ஏப்ரல் 13 முதல் தமிழ்நாடு நகர்ப்புற உள்ளாட்சி அமைப்புகள் சட்டம் நடைமுறைக்கு வந்து, 1919ஆம் ஆண்டின் சென்னை மாநகராட்சிச் சட்டமும் 1920ஆம் ஆண்டின் மாவட்ட நகராட்சிகள் சட்டமும் விடைபெற்றன. புதிய விதிகளின்படி அரையாண்டு தொடங்கி 30 நாளுக்குள் கட்டினால் 5 சதவீதம் ஊக்கத்தொகை. அதன் உச்சவரம்பு 5,000 ரூபாய். தாமதித்தால் மாதம் 1 சதவீதம் வட்டி.

இந்தச் சட்டங்கள் யாருக்கு விலக்கு தருகின்றன என்று பார்த்தால், பட்டியலில் பெரும்பாலும் கட்டிடங்கள்தான் இருக்கின்றன. பொது வழிபாட்டுத் தலங்கள், இடுகாடு சுடுகாடுகள், வாடகை வாங்காத சத்திரங்கள், இலவச மருத்துவம் தரும் அறநிலையங்கள், பொது நூலகங்கள், பாதுகாக்கப்பட்ட தொல்சின்னங்கள் என்று அது போகிறது. எல்லாவற்றிலும் கேள்வி ஒன்றே: இந்த இடம் எதற்குப் பயன்படுகிறது? உரிமையாளர் என்ன தொழில் செய்கிறார், ஊருக்கு என்ன செய்தார் என்பதை வரிப் பதிவேடு கேட்பதில்லை. கோயிலுக்கு விலக்கு உண்டு. கோயில் கட்டிக்கொடுத்தவரின் வீட்டுக்குக் கிடையாது. கோயில் வளாகத்துச் சுவரை ஒட்டி வாடகைக்கு விட்ட கடைக்கும் கிடையாது. பில் கலெக்டர் வாசலில் நின்று பார்ப்பதெல்லாம் பரப்பும் பயன்பாடும்தான்.

ஆவடியில் இந்தக் கதைக்கு இன்னொரு கிளை இருக்கிறது. வட்டாரத்திலேயே மிகப் பெரிய வரி விலக்கு அதுதான். கனரக வாகனத் தொழிற்சாலை, எஞ்சின் தொழிற்சாலை, படை உடைத் தொழிற்சாலை, போர் ஊர்தி ஆராய்ச்சி நிறுவனம், விமானப்படை நிலையம், மத்திய ரிசர்வ் போலீஸ் வளாகம் என்று ஊரின் பெரும்பரப்பு மத்திய அரசின் வேலிக்குள் கிடக்கிறது. அரசியலமைப்பின் 285ஆவது பிரிவு, மத்திய அரசின் சொத்துக்கு மாநிலமோ உள்ளாட்சியோ வரி போடக் கூடாது என்கிறது. ஆனால் அந்த வளாகங்களுக்கும் சாலை வேண்டும், வடிகால் வேண்டும், விளக்கு வேண்டும். இதற்கு நடுவழியாகச் சேவைக் கட்டணம் என்ற ஏற்பாடு வந்தது. ராஜ்கோட் மாநகராட்சி தொடர்ந்த வழக்கில் 2009இல் உச்ச நீதிமன்றத்தின் முன் இது வரையறை பெற்றது. மற்றவர்களைப் போலவே எல்லா வசதிகளையும் பயன்படுத்தும் மத்திய அரசு வளாகம், வழக்கமான சொத்து வரியில் 75 சதவீதத்தைச் சேவைக் கட்டணமாகத் தர வேண்டும். சில வசதிகளை மட்டும் பயன்படுத்தினால் 50 சதவீதம். எதையும் பயன்படுத்தாமல் தானே எல்லாம் பார்த்துக்கொண்டால் மூன்றில் ஒரு பங்கு.

2021 அக்டோபரில் படைக்கலத் தொழிற்சாலை வாரியம் கலைந்து ஏழு அரசு நிறுவனங்களாகப் பிரிந்தபோது, கனரக வாகனத் தொழிற்சாலையும் எஞ்சின் தொழிற்சாலையும் ஆவடியையே தலைமையிடமாகக் கொண்ட ஆர்மர்டு வெஹிக்கிள்ஸ் நிகாம் நிறுவனத்துக்குப் போயின. படை உடைத் தொழிற்சாலை கான்பூரைத் தலைமையிடமாகக் கொண்ட ட்ரூப் கம்ஃபர்ட்ஸ் நிறுவனத்துக்குப் போனது. அரசின் பங்குகள் முழுவதும் இருந்தாலும் ஒரு கம்பெனி சட்டத்தின் பார்வையில் அரசு ஆகாது என்பதும், அதன் சொந்தச் சொத்துக்கு 285ஆவது பிரிவின் காப்பு கிடைக்காது என்பதும் உச்ச நீதிமன்றம் பல வழக்குகளில் சொன்னவை. நிலம் யார் பேரில் இருக்கிறது என்பதைப் பொறுத்தே இனி ஒவ்வொரு வளாகத்தின் கணக்கும் அமையும். தீயணைப்பு ஊழியரின் வீட்டு வரியில் சில நூறு ரூபாயைக் குறைக்கலாமா கூடாதா என்ற பேச்சுக்குப் பக்கத்தில் இந்தக் கணக்கை வைத்துப் பார்த்தால், ஊர் வருமானத்தில் எது பெரிது என்று விளங்கும்.

மனிதரைப் பார்த்து விலக்கு தருவது இந்தியாவில் அறவே இல்லை என்று சொல்ல முடியாது. அது படைவீரரோடு தொடங்குகிறது. டெல்லி மாநகராட்சிச் சட்டம், போரில் கணவனை இழந்தவர்களுக்கும், படை, காவல், துணை ராணுவம் ஆகியவற்றில் வீரதீர விருது பெற்றவர்களுக்கும் அவர்கள் குடியிருக்கும் வீட்டின் வரியை விட்டுக்கொடுக்கிறது. மகாராஷ்டிரம் 2020இல் முன்னாள் படைவீரர் வீடுகளுக்கு வரி விலக்கு அறிவித்தது. தமிழ்நாட்டில் வேறொரு முறை. போரில் உயிரிழந்தோரின் மனைவியர், போரில் ஊனமுற்றோர், வீரதீர விருது பெற்றோர் போன்றவர்கள் வரியை உள்ளாட்சியில் கட்டிவிட்டு, முன்னாள் படைவீரர் நலத்துறை வழியாகத் திரும்பப் பெற்றுக்கொள்கிறார்கள். ஆவடி, பட்டாபிராம், முத்தாபுதுப்பேட்டை பக்கங்களில் ஓய்வுபெற்ற ராணுவத்தினர் பலர் வீடு கட்டிக்கொண்டு தங்கியிருப்பதால் இந்த ஏற்பாடு அங்கே புதிதல்ல.

இந்தத் திரும்பத் தரும் முறையைக் கொஞ்சம் கூர்ந்து பார்க்க வேண்டும். மாநகராட்சியின் பதிவேட்டில் அந்த வீடு மற்ற வீடுகளைப் போலவே இருக்கிறது. கேட்புத் தொகையும் குறையாமல் வருகிறது. கௌரவம் செய்ய நினைப்பது மாநில அரசு. செலவும் அதன் பையிலிருந்தே போகிறது. டெல்லி முறையிலோ கௌரவத்தை நாடு செய்கிறது, செலவை மாநகராட்சி தாங்குகிறது. வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்று போலத் தெரியும். தெருவிளக்குக்குப் பணம் தேடும் நகராட்சி ஆணையருக்கு வித்தியாசம் நன்றாகத் தெரியும்.

தீயணைப்போருக்கும் ஆம்புலன்ஸ் ஊழியருக்கும் இதே போன்ற ஏற்பாடு வருமா என்ற கேள்வி இங்கேதான் சிக்கலாகிறது. அரசியலமைப்பின் 12ஆவது அட்டவணை, 1992ஆம் ஆண்டின் 74ஆவது திருத்தத்தால் சேர்ந்தது. நகராட்சிகளிடம் ஒப்படைக்கத்தக்க பணிகளில் தீயணைப்பையும் அது சொல்கிறது. மும்பையில் தீயணைப்புப் படை மாநகராட்சியின் கையில்தான் இருக்கிறது. தமிழ்நாட்டில் அப்படியில்லை. சென்னை நகரில் 1908 முதல் தீயணைப்புச் சேவை இயங்கிவருகிறது. இன்று மாநிலம் முழுவதும் ஒரே துறையாக, 1985ஆம் ஆண்டின் தீயணைப்புச் சட்டத்தின் கீழ் இருக்கிறது. அம்பத்தூர் தொழிற்பேட்டை நிலையத்திலோ ஆவடி, பூந்தமல்லி நிலையங்களிலோ வேலை செய்பவர் மாநில அரசின் சம்பளக்காரர். நாளைக்கே அவரை வேறு மாவட்டத்துக்கு மாற்றலாம். வாட்டர் டெண்டர் வண்டி, குழாய், ஏணி எதுவும் உள்ளாட்சிக்குச் சொந்தமில்லை. அமெரிக்கச் சிற்றூரில் தீயணைப்பு வண்டியின் பக்கவாட்டில் அந்த ஊரின் பெயரே எழுதியிருக்கும். இங்கே எழுதியிருப்பது துறையின் பெயர்.

நிலையத்தின் வேலையும் தீ மட்டுமல்ல. ஏரிகளும் வயல்களும் வீட்டுமனைகளான இந்தப் பக்கத்தில், மழை விட்டதும் வரும் அழைப்புகளில் பாம்பு பிடிக்கும் அழைப்புகள் ஏராளம். கிணற்றில் விழுந்த மாடு, மரம் சாய்ந்த சாலை, வெள்ளத்தில் மாட்டிய குடும்பம் எல்லாம் அவர்களுக்கே வருகின்றன. தொழிற்பேட்டையில் ரசாயனமும் பெயின்டும் பிளாஸ்டிக்கும் எரியும்போது வேறு கவனம் வேண்டும். 2020 நவம்பரில் தீபாவளி நாளில் மதுரை விளக்குத்தூண் அருகே ஜவுளிக்கடைத் தீயை அணைக்கப் போன இரண்டு வீரர்கள், பழைய கட்டிடம் இடிந்து விழுந்து இறந்தார்கள். அப்போது வந்த உதவி, மாநில அரசின் நிவாரணத் தொகையாக வந்தது. ஆண்டுதோறும் பொங்கலை ஒட்டி முதலமைச்சரின் பதக்கம் பெறும் காவலருக்கும் தீயணைப்போருக்கும் 2022 முதல் மாதம் 400 ரூபாய் பதக்கப்படி கிடைக்கிறது. ஆபத்தான வேலைக்கு அரசு நன்றி சொல்லும் வடிவம் இங்கே பணமாகவும் பதக்கமாகவும் வேலைவாய்ப்பாகவும் இருந்துவந்திருக்கிறது, வரியாக இருந்ததில்லை.

ஆம்புலன்ஸ் பக்கம் நிலைமை இன்னும் வேறு. 108 சேவை தமிழ்நாட்டில் 2008 செப்டம்பரில் தொடங்கியது. அரசு பணம் தருகிறது, ஈ.எம்.ஆர்.ஐ. நிறுவனம் நடத்துகிறது. வண்டிக்கு இரண்டு பேர்: ஓட்டுபவரைப் பைலட் என்பார்கள், பின்னால் நோயாளியோடு உட்காருபவர் அவசர மருத்துவ உதவியாளர். பணிமுறை 12 மணி நேரம். பூந்தமல்லி நெடுஞ்சாலை, வெளிவட்டச் சாலை, திருவள்ளூர் சாலை என்று விபத்துக்குப் பேர்போன சாலைகள் சூழ்ந்த இந்தப் பகுதியில், மாரடைப்பும் பிரசவமும் விபத்தும் ஒரே இரவில் அடுத்தடுத்து வரும். சில குழந்தைகள் மருத்துவமனை வாசலை எட்டுமுன்னே வண்டியில் பிறந்துவிடுவதும் உண்டு. இந்த ஊழியர்கள் தன்னார்வலர்களும் இல்லை, அரசு ஊழியர்களும் இல்லை. தீபாவளி நெருங்கினால் இவர்கள் எழுப்பும் கோரிக்கைகள் போனஸ், 8 மணி நேர வேலை, ஊதிய உயர்வு ஆகியவை. சொத்து வரி அந்தப் பட்டியலில் ஏறியதில்லை. ஏறாததற்குக் காரணம் எளிது: வெளிமாவட்டத்திலிருந்து வந்து வாடகை வீட்டிலோ பகிர்ந்த அறையிலோ தங்குபவருக்கு அந்த வரி வீட்டுக்காரரின் தலைவலி.

அப்படியானால் இங்கே உண்மையான தன்னார்வலர் யார்? முதலில் ஊர்க்காவல் படை. 1962ஆம் ஆண்டின் சீனப் போருக்குப் பிறகு, 1963ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஊர்க்காவல் படைச் சட்டத்தின் கீழ் அது வடிவம் பெற்றது. திருவிழாக் கூட்டம், தேர்தல், போக்குவரத்து, வெள்ளம் என்று காவல்துறைக்குத் துணையாக நிற்பவர்கள் இவர்கள். பகலில் வேறு வேலை பார்ப்பவர்கள்தான். பணிக்கு அழைக்கும் நாளுக்கு மட்டும் படி உண்டு. அது ஒரு கட்டத்தில் 560 ரூபாயாக உயர்ந்தது. 2015இல் உச்ச நீதிமன்றம், ஊர்க்காவலரின் அன்றாடப் படி காவலரின் குறைந்தபட்ச ஊதியத்துக்கு இணையாக அமைய வேண்டும் என்று மாநிலங்களுக்குச் சொன்னது. ஒரு நாளின் படி ஏறினாலும், மாதத்தில் எத்தனை நாள் அழைப்பார்கள் என்பதே இறுதியில் வருமானத்தைத் தீர்மானிக்கிறது.

இரண்டாவது, ஆப்த மித்ரா. தேசியப் பேரிடர் மேலாண்மை ஆணையம் 2016இல் வெள்ள அபாயமுள்ள 30 மாவட்டங்களில் 6,000 பேருக்குப் பயிற்சி தரத் தொடங்கி, பின்னர் 350 மாவட்டங்களில் 1 லட்சம் பேர் என்று விரித்த திட்டம் இது. 12 நாள் பயிற்சி, அவசர உதவிப் பை, காப்பீடு, சம்பளம் இல்லை. கேரளம் 2018 வெள்ளத்துக்குப் பிறகு இன்னும் ஒரு படி போய், ஒவ்வொரு தீயணைப்பு நிலையத்தோடும் 50 பேர் கொண்ட குடிமைப் பாதுகாப்புக் குழுவை இணைத்தது. அமெரிக்கத் தன்னார்வத் தீயணைப்புக் குழுவுக்கு இந்தியாவில் மிக அருகில் வருவது இந்தக் கேரள ஏற்பாடுதான்.

மூன்றாவது வகையினர் எந்தப் பட்டியலிலும் இல்லாதவர்கள். 2015 டிசம்பரில் செம்பரம்பாக்கம் ஏரியின் உபரிநீர் அடையாற்றைக் கரைபுரளச் செய்தபோதும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலில் ஆவடியும் அம்பத்தூரும் பட்டாபிராமும் நீரில் நின்றபோதும், படகு கொண்டுவந்த மீனவரும் லாரி டியூப்பைக் கட்டி முதியவரை இழுத்துவந்த தெரு இளைஞரும் அடையாள அட்டை கேட்கவில்லை. கேரள அரசு 2018இல் மீட்புக்கு வந்த மீனவர் படகுகளுக்கு நாளொன்றுக்கு 3,000 ரூபாய் அறிவித்தது. சாலை விபத்தில் அடிபட்டவரை மருத்துவமனையில் சேர்க்கும் வழிப்போக்கருக்கு 2021இல் மத்திய அரசு 5,000 ரூபாய் பரிசு அறிவித்தது. அவரை வழக்கில் இழுக்காதிருக்க மோட்டார் வாகனச் சட்டத்தில் 2019இல் தனிப் பிரிவும் சேர்ந்தது. இவை எல்லாம் ஒருமுறை நிகழ்வுக்கு ஒருமுறை நன்றி. ஆண்டுக்காண்டு தொடரும் வரிச்சலுகைக்கு, யார் எத்தனை மணி நேரம் சேவை செய்தார் என்று எழுதிவைக்கும் பதிவேடு வேண்டும். நியூயார்க் முறை முழுவதும் அந்தப் பதிவேட்டின் மேல்தான் நிற்கிறது.

பதிவேடு இருக்கிறது என்றே வைத்துக்கொள்வோம். அம்பத்தூரில் அரையாண்டுக்கு 1,500 ரூபாய் வரி கட்டும் சிறு வீடு ஒன்று, ஆண்டுக்கு 3,000. நியூயார்க் பாணியில் 10 சதவீதம் குறைத்தால் மிச்சம் 300 ரூபாய். குறித்த காலத்தில் கட்டியதற்கு எல்லோருக்கும் கிடைக்கும் ஊக்கத்தொகையே அந்த வீட்டுக்கு 150 ரூபாய் வருகிறது. மேலே சொன்ன பதக்கப்படியின் ஒரு மாதத் தொகை இந்தச் சலுகையின் ஓராண்டுத் தொகையை விடப் பெரிது. அமெரிக்காவில் 3 லட்சம் டாலர் மதிப்புள்ள வீட்டுக்கு எல்லா உள்ளாட்சி வரிகளும் சேர்ந்து 2.5 சதவீதம் என்று கொண்டால், 10 சதவீத விலக்கில் மிச்சமாவது 750 டாலர். வரி பெரிதாக இருக்கும் இடத்தில்தான் வரி விலக்கும் பெரிதாக இருக்கும். தமிழ்நாட்டுச் சொத்து வரி, எவ்வளவு ஏறியதாகப் பேசினாலும், அந்த அளவில் இல்லை.

பெயர்ச் சிக்கலும் உண்டு. ஆவடியில் ஊர்க்காவல் படையில் இருக்கும் இருபத்தைந்து வயது இளைஞர் குடியிருக்கும் வீட்டின் வரி ரசீது பெரும்பாலும் அப்பா பேரில் இருக்கும். சில வீடுகளில் இறந்துபோன தாத்தாவின் பேரிலேயே இன்னும் ஓடிக்கொண்டிருக்கும். நியூயார்க் சட்டம் வீடு உறுப்பினர் பேரிலோ, அவரும் வாழ்க்கைத்துணையும் சேர்ந்த பேரிலோ இருக்க வேண்டும் என்கிறது. அதே நிபந்தனையை இங்கே வைத்தால், சேவை செய்யும் இளைஞர் வெளியே நிற்பார். சொந்த வீட்டோடு வசதியாக இருக்கும் நடுவயது உறுப்பினர் உள்ளே வருவார். சலுகை யாரைக் குறிவைக்கிறதோ அவரைத் தவிர மற்றவரைப் போய்ச் சேரும் ஏற்பாடு அது.

செலவு யார் தலையில் விழும் என்பது கடைசிக் கேள்வி. இங்கே வரி வீதம் சதுர அடிக் கணக்கில் நிற்கிறது; மாநில அரசின் வழிகாட்டலில் மன்றம் தீர்மானிக்கிறது. ஒரு வீட்டுக்கு விட்டுக்கொடுத்த தொகை பக்கத்து வீட்டின் மேல் பரவாது. கஜானாவில் அப்படியே குறையும். மாநில அரசின் தீயணைப்பு ஊழியருக்கு ஆவடி மாநகராட்சி வரியை விட்டுக்கொடுத்தால், மாநிலத்தின் ஊதியச் செலவில் ஒரு பங்கை ஆவடி ஏற்றுக்கொண்டதாக ஆகும். கர்நாடகம் இதற்கு எதிர்த்திசையில் யோசித்திருக்கிறது. உயரமான புதிய கட்டிடங்களின் சொத்து வரியோடு 1 சதவீதத் தீயணைப்பு வரியைச் சேர்த்து வாங்க அங்கே சட்டத்தைத் திருத்தினார்கள். சொத்து வரியையும் தீயணைப்பையும் இணைக்க வேண்டுமென்றால், நிலையத்துக்குப் பணம் சேர்க்கும் இந்த வழியே இந்திய நிலைமைக்குப் பொருந்துகிறது. ஊழியருக்கோ தன்னார்வலருக்கோ வீட்டு வரியில் உதவ மாநில அரசு விரும்பினால், படைவீரருக்குச் செய்வது போல வரியைக் கட்டச்சொல்லித் திரும்பக் கொடுக்கும் பாதை தயாராக இருக்கிறது. புதுச் சட்டம் தேவையில்லை. வாடகை வீட்டில் இருப்பவரை அதுவும் எட்டாது என்பதால், காப்பீடும் பணிநாள் படியும்தான் எல்லோரையும் தொடும் உதவிகள்.

இப்போதைக்கு இந்த வட்டாரத்தில் மனிதரைப் பார்த்துக் கிடைக்கும் வரி உதவி முன்னாள் படைவீரர் குடும்பங்களுக்கானது. அதைக் கேட்க நினைப்பவர் எந்த மாவட்டத்து அலுவலகத்துக்குப் போவது என்பதில் குழம்புவதுண்டு. 2018இல் சென்னை மாவட்டம் விரிந்தபோது அம்பத்தூர் வட்டம் அதற்குள் போய்விட்டது. ஆவடி, பூந்தமல்லி வட்டங்கள் திருவள்ளூர் மாவட்டத்தில் இருக்கின்றன. அந்தந்த மாவட்டத்தின் முன்னாள் படைவீரர் நல அலுவலகமே அணுக வேண்டிய இடம். வரியை முதலில் உரிய காலத்தில் கட்டிவிட வேண்டும். இரண்டு அரையாண்டு ரசீதுகளையும் பத்திரமாக வைத்திருக்க வேண்டும். வீடு இன்னும் மாமனார் பேரிலோ தாத்தா பேரிலோ இருந்தால், விண்ணப்பத்துக்கு முன்னால் மாநகராட்சியில் பெயர் மாற்றம் செய்துகொள்வது அலைச்சலைக் குறைக்கும்.